வேப்பிலையும் அறிவித்தலும்



அம்மை என்னும் சொல்லுக்குத் தமிழிலே தாய் என்பது பொருள். உடலெங்கும் கொப்புளம் பரப்பி, கண்ணொளியைக் கெடுத்து, பல வேளைகளில் உயிரையும் கொண்டுபோன ஒரு கொடுநோய்க்கு நம் முன்னோர் இப்பெயரை ஏன் இட்டனர்? அச்சத்தினால் இட்டனர் என்பாரும் உளர். பணிவினால் இட்டனர் என்பாரும் உளர். இரண்டும் உண்மையாக இருத்தல் கூடும். வைசூரி உலகத்தைவிட்டு ஒழிந்த பின்னரும், கொப்புளிப்பான், சின்னமுத்து முதலிய நோய்களை யாழ்ப்பாணத்தார் ‘அம்மாள் வருத்தம்’ என்றே வழங்கி வருகின்றனர்.

ஒரு வீட்டிலே பிள்ளைக்கு அம்மாள் கண்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். என்ன நிகழும் என்பதை நடுவயது கடந்த நேயர்கள் நன்கு அறிவர். முதலிலே வாசலில் வேப்பிலைக் கொத்துச் செருகப்படும். அதைக் கண்ட அயலார் எவரும் உள்ளே நுழையார். படலையடியிலே நின்று குரல்கொடுத்து, கொண்டுவந்த இளநீரை வைத்துவிட்டுப் போவர். வீட்டார் கல்யாண வீட்டுக்கும் செல்லார், செத்தவீட்டுக்கும் செல்லார். அடுப்பிலே தாளிப்பு இராது, மச்சம் இராது. பிள்ளை ஒதுக்கமான அறையிலே, வெள்ளைத்துணியின்மேல், வேப்பிலை பரப்பிய படுக்கையில் கிடக்கும். அரிப்பெடுத்தால் நகம் படாமல் வேப்பங்குழையினால் தடவிக் கொடுப்பர். பக்கத்தில் இருந்து பார்ப்பவர் பெரும்பாலும் முன்னரே அந்நோய் கண்டு தேறிய மூதாட்டி ஒருவராக இருப்பார். கொப்புளங்கள் வாடி உதிரத் தொடங்கியதும் மஞ்சளும் வேப்பிலையும் இட்டு வெயிலிலே சூடேறிய நீரால் தண்ணீர் வார்ப்பர். படுக்கையும் துணியும் தூய்மை செய்யப்படும். பின்னர் அம்மன் கோயிலிலே பொங்கலிட்டு, அந்தப் பிள்ளை மீண்டும் ஊரோடு சேர்த்துக்கொள்ளப்படும்.

இந்த வழக்கத்தை நான் இங்கு விரித்துரைப்பதற்குக் காரணம் உண்டு. நோயாளியைப் பிரித்து வைத்தல், வருவோரைத் தடுத்தல், தேறிய பின்னர் தூய்மை செய்தல் ஆகிய மூன்றையும் இன்றைய சுகாதாரப் பகுதியினர் ‘தனிமைப்படுத்தல்’ என்னும் ஒரு சொல்லில் அடக்குவர். செயலளவில் பெரிய வேற்றுமை இல்லை. வேற்றுமை வேறோர் இடத்தில் இருக்கிறது. நோய்ப்பட்ட பிள்ளையை அந்த வீடு வெட்கப்பட்டு மறைக்கவில்லை. தாய் வந்து தங்கியிருக்கும் பிள்ளை என்று அதற்கு ஒரு மதிப்பும் இருந்தது. மீண்டு வருவதற்கு ஒரு நாளும் ஒரு சடங்கும் இருந்தன.

இதனால் வேப்பிலை வைசூரியைத் தீர்த்தது என்று எவரும் கருதிவிடலாகாது. தீர்க்கவில்லை. வேப்பிலை கட்டிய வீடுகளிலிருந்தும் பாடைகள் சென்றன. அந்நோயை ஒழித்தது அம்மைப்பால் குத்துதல்தான். அது 1802 ஆம் ஆண்டிலேயே இத்தீவுக்கு வந்துவிட்டது; உலகத்திலிருந்து வைசூரி ஒழிந்துவிட்டதென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 1980 இல். இடையிலே ஏறத்தாழ 180 ஆண்டுகள் கடந்தன. அம்மைகுத்த வந்தவர்களைக் கண்டு மக்கள் பிள்ளைகளை ஒளித்த கதைகள் அந்நாளில் இந்தியாவிலும் உண்டு, இலங்கையிலும் உண்டு. அம்மாளுக்கு ஆகாத காரியம் என்று அஞ்சியவர்கள் அவர்கள்.

அந்த அச்சத்தைப் போக்குவதற்குச் சென்னையில் இருந்த ஓர் ஆங்கில அதிகாரி செய்த உபாயம் சுவையானது. திருக்குறளின் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து உரை எழுதியவரும், 1819 இல் காலமானவருமாகிய எல்லிஸ் துரையே அவர். மருத்துவக் கடவுளாகிய தன்வந்திரியும் சக்தியும் உரையாடுவதுபோல ஒரு கதையை அவர் இயற்றினார். பசுவின் மடியிலே தோன்றும் அம்மைப்பாலும் தெய்வம் அளித்த கொடையே என்பது அக்கதையின் சாரம். அறிஞர்தாம், நல்லெண்ணமும் உடையவர்தாம். ஆயினும் எனக்கு இந்த வழியிலே முழு உடன்பாடில்லை. மக்களின் நம்பிக்கையை மதிப்பது வேறு. அந்நம்பிக்கையின் உடையை எடுத்து நமது எண்ணத்துக்குப் போர்த்தி விடுவது வேறு. பின்னது என்றேனும் ஒருநாள் வெளிப்படும். வெளிப்பட்டபின் உண்மையைச் சொன்னாலும் கேட்பாரிலர்.

நோயைத் தாயாகக் கருதும் இம்மரபு தமிழருக்கு மட்டும் உரியது என்று எண்ணுதல் தவறு. மட்டக்களப்பிலே வைகாசி மாதத்தில் கண்ணகி அம்மனுக்குச் சடங்கு நிகழ்கிறது. அதன் முடிவில் வருவது திருக்குளிர்த்தி. வெப்பு நோய்களைத் தணித்து ஊரைக் குளிரப்பண்ணும் வேண்டுதல் அது. அதே கண்ணகியைச் சிங்கள மக்கள் பத்தினித் தெய்வம் என்பர். கொப்புளிப்பானை அவர்கள் தெய்வத்தின் நோய் என்றே குறிப்பிடுகின்றனர். பிள்ளை தேறியதும் அயலிலுள்ள தாய்மாரை அழைத்துப் பாற்சோறு படைத்து ‘கிரி அம்மா தானம்’ கொடுக்கின்றனர். கிரி என்றால் பால்.

இந்தக் கிரி அம்மா, இத்தீவின் ஆதிக் குடிகளாகிய வேடரிடத்திலும் இருக்கிறாள். செலிக்மன் தம்பதியர் வேடரைப் பற்றி எழுதி 1911 இல் வெளியிட்ட பெருநூலிலே, இறந்த மூதாட்டியர் கிரி அம்மாமாராக நின்று குழந்தைகளைக் காப்பர் என்றும், குழந்தை நோயுற்றால் வேடர் அவர்களை அழைத்து வேண்டுவர் என்றும் காண்கிறோம். வேடர் தம் இறந்த உறவினரைப் பிரிந்துபோனவராகக் கருதுவதில்லை. நோய்ப்படுக்கையின் அருகே அவர்களும் வந்து நிற்கின்றனர் என்பதே அவர்களது ஆறுதல்.

கொழும்பு நேயர்களுக்கு வேடர் என்றதும் தம்பானையும், தோளிலே கோடரி தாங்கிய முதியவர்களின் படமுமே நினைவுக்கு வரும். 1983 இல் மாதுறு ஓயா தேசிய வனம் பிரகடனமானபோது தம் காட்டை விட்டுக் கெனானிகல முதலிய குடியேற்றங்களுக்கு அனுப்பப்பட்ட வேடர் பலர். தமிழ் பேசும் வேடரும் உளர் என்பது நம்மிற் பலருக்குத் தெரியாது. வாகரைப் பகுதியிலும் மூதூருக்குத் தெற்கேயும் கரையோரமாக வாழும் அவர்கள் மீன்பிடித்தும் தேன் எடுத்தும் கூலிவேலை செய்தும் பிழைக்கின்றனர். இத்தகைய சிறு குடிகளுக்குப் பெருநோய் வரும்போது நேரும் இழப்பு இருமடங்கு. ஒரு முதியவர் மறைந்தால் ஒரு குடும்பத்தின் தலைவர் மட்டும் மறைவதில்லை. எந்த வேரை எந்த நாளில் எடுப்பது, எந்தப் பாட்டை எந்த நோய்க்குப் பாடுவது என்னும் அறிவும் அவரோடு போய்விடுகிறது.

இதனை நன்கு உணர்ந்து செயற்பட்டவர்கள் நியூசிலாந்தின் மாவோரிகள். 1918 இன் இன்புளுவென்சாவில் அவர்களது இறப்பு வீதம் அங்குள்ள ஐரோப்பியரினதைப் போல ஏறத்தாழ எட்டு மடங்காக இருந்தது. அந்த நினைவு பாட்டன் வாய்மொழியாகப் பேரனுக்கு வந்திருந்தது. ஆகவே 2020 இல் கொரோனா வந்தபொழுது, சில மாவோரிக் குலத்தார் தம் ஊருக்குச் செல்லும் பாதைகளில் தாமே காவல் நின்றனர். மூக்கோடு மூக்கை ஒற்றி வணங்கும் தமது தொன்மையான முகமன் முறையையும் தற்காலிகமாக நிறுத்தினர். நிறுத்தியது அரசாங்கத்தின் கட்டளையினால் அன்று. ‘ராகூயி’ எனப்படும் தமது மரபு விலக்கினால். ஒரு மரபை நிறுத்துவதற்கும் அம்மரபுக்குள்ளேயே வழி இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். வாசலில் வேப்பிலை கட்டுவதும் இவ்வகையினதே.

தமிழ்நாட்டிலும் ஒரு நல்ல காட்சி உண்டு. நீலகிரியிலே தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் முதலிய பழங்குடியினர் வாழ்கின்றனர். தடுப்பூசி என்றதும் அவர்களிற் சிலரும் அஞ்சி ஒதுங்கினர். ஆயினும் 2021 ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்குள் அங்குள்ள வயதுவந்த பழங்குடியினர் அநேகமாக அனைவருக்கும் முதல் ஊசி ஏற்றப்பட்டுவிட்டது. இதற்கு மாவட்ட நிருவாகத்தின் முயற்சி ஒரு காரணம். மற்றொரு காரணம் பல ஆண்டுகளுக்கு முன்னரே விதைக்கப்பட்டது. கூடலூரில் 1990 அளவில் தொடங்கிய ஆதிவாசி மருத்துவமனையிலே, பழங்குடிப் பெண்களே தாதியராகப் பயிற்றப்பட்டனர். கிராமங்களிலே சுகாதாரப் பணி செய்வோரும் அக்குடிகளைச் சேர்ந்தவரே. ஊசியைப் பற்றிச் சொல்ல வந்தவள் அயலூர்க்காரி அல்லள், தன் அத்தை மகள் என்றால் அச்சம் பாதி தணிந்துவிடும் அல்லவா?

இனி நமது கொழும்புக்கு வருவோம்.

2020 மார்ச் 20 ஆம் திகதி நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் வந்தது. பாடசாலைகள் அதற்கு ஒரு கிழமை முன்னரே மூடப்பட்டுவிட்டன. அந்த முதல் அலை கொழும்பை ஓரளவு தொட்டுச் சென்றது. ஒக்டோபரில் மினுவாங்கொடை ஆடைத்தொழிற்சாலையிலும் பேலியகொடை மீன் சந்தையிலும் நோய் வெளிப்பட்ட பின்னர் வந்த அலை, வடகொழும்பை மூழ்கடித்தது. கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், மட்டக்குளி, புளுமெண்டல், கிராண்ட்பாஸ் என ஒவ்வொரு பொலிஸ் பிரிவாகப் பூட்டப்பட்டது.

வடகொழும்பின் ‘தோட்டங்களை’ அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. தோட்டம் என்றால் மரஞ்செடி உள்ள இடம் என்று எண்ணிவிட வேண்டாம். ஒருவர் நடந்தால் மற்றவர் ஒதுங்கவேண்டிய சந்து, இருபுறமும் ஓர் அறை, ஒன்றரை அறை வீடுகள், பலருக்கும் பொதுவான தண்ணீர்க் குழாய், பொதுவான மலசலகூடம். நாட்கூலிக்குத் துறைமுகத்துக்கும் செட்டியார் தெருவுக்கும் புறக்கோட்டைக்கும் செல்வோர் அங்கு வசிக்கின்றனர். தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் ஒரே சுவரின் இரு பக்கங்களில் வாழ்கின்றனர். ‘வீட்டிலே இருங்கள், ஒரு மீற்றர் இடைவெளி விடுங்கள்’ என்று வானொலியும் தொலைக்காட்சியும் சொன்னபோது, அந்த ஒரு மீற்றரை எங்கிருந்து எடுப்பது என்று அவர்கள் கேட்டனர். நியாயமான கேள்வி. அரசாங்கம் கொடுத்த 5,000 ரூபாய் அரிசிக்கும் பருப்புக்கும் சில நாள் உதவியது, இடத்துக்கு உதவவில்லை.

நோய் கண்ட வீட்டின் கதவிலே பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து ஓர் அறிவித்தலை ஒட்டுவார்: தனிமைப்படுத்தப்பட்ட வீடு, எவரும் உட்செல்லலாகாது. அவர் தம் கடமையைச் செய்தார். இரவு பகல் பாராது செய்தார். அவரைக் குறைகூறுவது என் எண்ணமன்று. ஆனால் அந்தக் காகிதத்தையும் வேப்பிலைக் கொத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டும் சொல்லும் செய்தி ஒன்றுதான். வேப்பிலையைக் கண்டவன் கைகூப்பிவிட்டு இளநீரை வைத்துச் சென்றான். காகிதத்தைக் கண்டவன் கைத்தொலைபேசியால் படம் பிடித்து நாலு பேருக்கு அனுப்பினான். அம்புலன்ஸ் வண்டி சந்தின் முகப்பில் வந்து நிற்க, ஒரு குடும்பம் துணிப்பையோடு ஏறிச் செல்வதைத் தோட்டம் முழுவதும் பார்த்து நின்றது. பதினான்கு நாள் கழித்து அவர்கள் திரும்பி வந்தபோது வரவேற்கப் பொங்கலும் இல்லை, பாற்சோறும் இல்லை. தொலைபேசியிலே எங்கள் மாணவர்களின் பெற்றோரோடு பேசியபொழுது நான் அதிகம் கேட்டது நோயின் வேதனையை அன்று. ‘சனம் என்ன சொல்லும், ஐயா’ என்பதைத்தான். இந்த வெட்கத்தினால் இருமலை மறைத்தவர்களும் காய்ச்சலுக்குப் பனடோல் விழுங்கிவிட்டு வேலைக்குப் போனவர்களும் இருந்தனர். வெட்கம் இவ்வாறு நோய்க்குத் துணைசெய்தது.

ஒரு தோட்டத்திலே ஒரு கிழவி, அறிவித்தல் ஒட்டிய கதவொன்றின் நிலையிலே தானாகவே வேப்பிலை கொண்டுவந்து கட்டியதாக எங்கள் ஆசிரியை ஒருவர் கூறினார். உள்ளே இருந்தது ஒரு கத்தோலிக்கக் குடும்பம். அவர்களும் அதைக் கழற்றவில்லையாம். அன்று மாலையிலிருந்து அந்த வாசற்படியிலே பாணும் மரக்கறியும் வரத் தொடங்கின.

வெள்ளவத்தையின் துன்பம் வேறுவகையானது. அங்கே இடம் உண்டு, ஆள் இல்லை. தொடர்மாடியின் ஐந்தாம் மாடியிலே எழுபது, எண்பது வயதுத் தம்பதியர் தனித்திருக்க, மக்கள் கனடாவிலும் இலண்டனிலும் இருந்தனர். காலையிலே மயூராபதி அம்மன் கோயிலுக்குச் சென்று, திரும்பும் வழியில் சந்தையிலே நாலு பேரோடு பேசிவருவதே அவர்களுக்கு மருந்தாக இருந்தது. அது நின்றதும் நோயின்றியே நலிந்தவர்களை நான் அறிவேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம் அவர்கள், போரினால் மனம் நொந்தோருக்கு நெடுங்காலம் சிகிச்சை அளித்தவர்; அந்த அனுபவத்தை 1998 இல் ஒரு நூலாகவும் தந்தார். மனத்தை அமைதிப்படுத்தும் பயிற்சியை அந்நியமான சொற்களால் கற்பியாமல், சைவருக்கு அவர்களது மந்திரத்தையும், கத்தோலிக்கருக்கு அவர்களது செபத்தையும், முஸ்லிம்களுக்கு அவர்களது திக்ரையும், பௌத்தருக்கு அவர்களது சரணத்தையும் கொண்டே கற்பிக்கலாம் என்று அவர் காட்டினார். கையிலே இருந்த இந்தச் செல்வத்தை, பெருநோய்க் காலத்திலே நாம் போதியளவு எடுத்துப் பயன்படுத்தவில்லை என்பது என் எண்ணம்.

மரபு என்ற பெயரால் வருவன எல்லாம் நல்லன அல்ல. 2020 டிசம்பரிலே கேகாலையில் ஒருவர், காளி தேவி தமக்கு அருளியதாகச் சொல்லி, தேனும் சாதிக்காயும் சேர்ந்த ஒரு பாணியைக் கொடுத்தார். ஆயிரக்கணக்கானோர் அங்கே முண்டியடித்து நின்றனர். சுகாதார அமைச்சரே அதனைப் பருகிக் காட்டினார். அடுத்த மாதம் அவருக்கும் தொற்று ஏற்பட்டது. வேப்பிலை மரபு ஆட்களை விலக்கி நிறுத்தியது; பாணியோ அவர்களைக் கூட்டி நெருக்கியது. எந்த மரபை ஏற்பது, எதனைத் தள்ளுவது என்று மயங்குவோர்க்கு இந்த ஒரு வேறுபாடே போதிய உரைகல்லாகும்.

இறுதிக் கடன்களைப் பற்றியும் சொல்லாதிருக்க இயலாது. கொரோனாவினால் இறந்தோர் அனைவரையும் எரித்தல் வேண்டும் என்று 2020 ஏப்ரிலிலே வர்த்தமானி அறிவித்தல் வெளிவந்தது. புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் இருந்தும், இந்த விதி பத்து மாதங்களுக்கு மேல் நீடித்தது. உடலை எரித்தலை மார்க்கம் விலக்கியிருக்கும் முஸ்லிம்களுக்கு இது எத்தகைய வேதனை என்பதை விளக்க வேண்டியதில்லை. அவ்வாண்டு டிசம்பரிலே, பிறந்து இருபது நாளேயான ஒரு குழந்தையின் உடல் பொரளையில் எரிக்கப்பட்டது. அதன்பின் அந்த மயானத்தின் கம்பிவேலியிலே எல்லா இனத்தாரும் வந்து வெள்ளைத்துணி கட்டினர். 2021 பெப்ரவரி இறுதியிலே விதி மாறியது. மார்ச் மாதத்தில் ஓட்டமாவடியிலே அடக்கம் தொடங்கியது. ஓராண்டில் அங்கே 3,634 உடல்கள் அடக்கம் செய்யப்பட்டன. அவர்களுள் 2,992 பேர் முஸ்லிம்கள். எஞ்சியோரில் 287 இந்துக்களும் 270 பௌத்தரும் 85 கிறித்தவரும் இருந்தனர். கொட்டாஞ்சேனையில் இறந்த ஒருவரை அடக்க, ஏறத்தாழ 300 கிலோமீற்றர் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. 2024 ஜூலையிலே, அந்தக் கட்டாய எரிப்புக்காக மன்னிப்புக் கோர அமைச்சரவை தீர்மானித்தது.

சைவருக்கு எரித்தல் வழக்கந்தானே என்று நாம் ஆறியிருக்க முடியவில்லை. மூடிய பெட்டி வைத்தியசாலையிலிருந்து நேரே மயானத்துக்குச் சென்றது. வாய்க்கரிசி இல்லை, சுண்ணம் இடிக்கவில்லை, பேரப்பிள்ளைகள் பந்தம் பிடிக்கவில்லை. வெள்ளவத்தையில் ஒரு மூதாட்டி, கணவரின் முகத்தைக் கடைசியாகப் பார்த்தது அம்புலன்ஸ் கதவு மூடும்போதுதான் என்று இன்றும் சொல்லி அழுகிறார். அந்தியேட்டி நடந்தது; மக்கள் கனடாவிலிருந்து திரையிலே பார்த்தனர். அவருக்குச் செத்தவீடு இன்னும் முடியவில்லை.

அடுத்த பெருநோய் எப்போது வரும் என்று எவராலும் கூற இயலாது. வருமுன் செய்யக்கூடியன சில உள. சுகாதார வைத்திய அதிகாரியின் பணிமனை ஒவ்வொன்றும், தன் பிரிவிலுள்ள தோட்டங்களிலும் தொடர்மாடிகளிலும் சனங்கள் இயல்பாகவே யாரிடம் சென்று யோசனை கேட்கின்றனர் என்பதை இப்போதே அறிந்து வைத்தல் வேண்டும். அவர் கோயில் ஐயராக இருக்கலாம், கன்னியாஸ்திரியாக இருக்கலாம், பள்ளிவாசல் மௌலவியாக இருக்கலாம், படிக்கத் தெரியாத ஒரு கிழவியாகவும் இருக்கலாம். உடலை நோய் பரவாதவாறு காத்துக்கொண்டே எந்தச் சமயத்தார் எந்தக் கடனைச் செய்யலாம் என்று, அந்தந்தச் சமயத்தாரோடு இருந்து முன்கூட்டியே எழுதிவைத்தல் வேண்டும். வாகரையிலும் தம்பானையிலும், வேடர் குலத்துப் பிள்ளைகளைத் தாதியராகவும் மருத்துவிச்சியராகவும் பயிற்றுதல் வேண்டும்.

கதவிலே ஒட்டும் அந்த அறிவித்தலை எழுதும் பொறுப்பை என்னிடம் விட்டால், நான் இவ்வாறு எழுதுவேன்: ‘இவ்வீட்டார் உங்களைக் காக்கும்பொருட்டு உள்ளே இருக்கின்றனர். அவர்களுக்கு வேண்டியதைக் கேட்டு, வாசலில் வைத்து, குரல்கொடுத்துச் செல்லுங்கள். இன்ன திகதியில் வெளியே வருவார்கள்.’ தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதினாலும் இது ஒரே தாளில் அடங்கும்.